புது ஆங்கிலம் எங்கே முளைக்கிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதப் பகுதியில் பேச்சோடு பேச்சாக ஒரு வரி எழுதிவைத்தேன்: "நியூசிலாந்து ஆங்கிலத்தை உண்டாக்கியவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்." விளக்கம் ஒன்றும் சொல்லாமல் வேறு விஷயத்துக்குத் தாவிவிட்டேன். நீங்கள் விடுவீர்களா? வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சிலருக்கு ஆர்வம், இரண்டு பேருக்கு நல்ல கோபம். சரி, இந்த முறை முழுக்க ஆங்கிலத்தின் வட்டார வழக்குகள் பற்றியே பேசிவிடுவோம்.

"ஒரு மொழியைப் பேசுகிறவர்கள் வேறு நாட்டுக்குப் போகிறார்கள். அங்கே திருத்த ஆளில்லாமல் மொழி கெடுகிறது. கெட்டுப்போனதற்குப் 'புது வழக்கு' என்று கௌரவமான பெயர் வைக்கிறீர்கள். அதிலும் பிள்ளைகள் உண்டாக்கினார்கள் என்பது கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?" – ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

ஐயா, உங்கள் கேள்வியின் முதல் இரண்டு சொற்களிலேயே நான் நின்றுவிடுகிறேன். 'ஒரு மொழி' என்கிறீர்கள். 1840-க்குப் பிறகு நியூசிலாந்துக்குக் கப்பலேறியவர்கள் ஒரே ஆங்கிலத்தைப் பெட்டியில் மடித்து எடுத்துப்போகவில்லை. லண்டன்காரர், ஸ்காட்லாந்துக்காரர், அயர்லாந்துக்காரர், தென்மேற்கு இங்கிலாந்தின் விவசாயி, நடுவில் சில வருடம் ஆஸ்திரேலியாவில் இருந்துவிட்டு வந்தவர் என்று கலவையான கூட்டம். குதிரையைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துக்காரர் 'ர்' தெளிவாகக் கேட்க 'ஹார்ஸ்' என்பார். தென்கிழக்கு இங்கிலாந்தில் படித்தவர் 'ர்' இல்லாமல் 'ஹாஸ்' என்பார். லண்டன் தொழிலாளி 'ஹ'வையும் விழுங்கிவிட்டு 'ஆஸ்' என்பார். இந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில். இப்போது சொல்லுங்கள், இதில் எதைக் காப்பாற்றுவது, எது கெட்டுப்போனது?

அந்தப் பிள்ளைகள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு ஒரு வண்டி சாட்சி. 1946 முதல் 1948 வரை நியூசிலாந்து வானொலியின் ஒலிப்பதிவு வண்டி ஒன்று ஊர் ஊராகப் போய், வயதானவர்களின் பழங்கதைகளை இசைத்தட்டில் பதிவு செய்தது. குடியேறிய காலத்து நினைவுகளை ஒலிபரப்ப வேண்டும் என்பதுதான் நோக்கம், மொழி ஆராய்ச்சி யார் மனதிலும் இல்லை. ஆனால் மைக் முன்னால் உட்கார்ந்த கிழவர்களும் கிழவிகளும் 1850-களிலிருந்து அந்த மண்ணில் பிறந்தவர்கள், அதாவது அந்த நாட்டு ஆங்கிலத்தின் முதல் பிள்ளைகள். பல பத்தாண்டுகள் கழித்து கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கார்டனும் மற்றவர்களும் அந்தத் தட்டுகளைக் கையிலெடுத்தபோது தூக்கிவாரிப்போட்டது. ஒரே ஊரில், ஒரே காலத்தில் வளர்ந்த இருவர் ஒருவர் போல ஒருவர் பேசவில்லை. ஒரே ஆளின் பேச்சில் ஸ்காட்லாந்து பக்கத்து ஒலி ஒன்றும் தென் இங்கிலாந்து பக்கத்து ஒலி ஒன்றும் கைகோத்துக்கொண்டு நின்றன. பிரிட்டனில் எந்த ஊரிலும் அப்படி ஒரு சேர்மானம் கிடையாது, அவர்களுடைய அப்பா அம்மாவும் அப்படிப் பேசியிருக்க முடியாது. ஆளுக்கு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, விரித்துவைத்த பந்தியில் பிடித்ததை அள்ளிக்கொண்டது போல.

அடுத்த தலைமுறையில் இந்தக் கலவரம் அடங்கிவிடுகிறது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி பேச ஆரம்பிக்கிறார்கள். 'ஹாஸ்' ஜெயித்தது: 'ர்' போனது, 'ஹ' நின்றது. ஏன் அது ஜெயித்தது என்பதற்கு பீட்டர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் சொல்லும் காரணம் ரொம்பச் சாதாரணமானது, தலை எண்ணிக்கை. பிள்ளைகள் காதில் எந்த வடிவம் அதிகம் விழுந்ததோ அது நின்றது, அவ்வளவுதான். மதிப்பு, அந்தஸ்து, நாட்டுப்பற்று எதற்கும் இதில் வேலையில்லை என்கிறார் அவர். இதை ஒத்துக்கொள்ளாத மொழியியலாளர்களும் இருக்கிறார்கள், சண்டை ஓயவில்லை. எனக்கு ட்ரட்கில் பக்கம்தான் சாய்வு. ஏனென்றால் அதே நாட்டின் தெற்கு மூலையில், ஸ்காட்லாந்துக்காரர்கள் அடர்த்தியாகக் குடியேறிய சவுத்லாந்தில் மட்டும் அந்த 'ர்' சாகவில்லை. அங்கே தலைக்கணக்கு வேறு.

பெரியவர்களால் ஏன் இதைச் செய்ய முடியவில்லை என்று கேட்பீர்கள். முப்பது வயதில் கப்பலிலிருந்து இறங்குகிறவர், எதிராளிக்குப் புரியாத முரட்டுச் சொற்களைத் தவிர்த்துக்கொள்வார், பேச்சின் முனைகளை மழுக்கிக்கொள்வார். அதற்கு மேல் அவரால் முடியாது. ஒலி அமைப்பையே பிரித்துப்போட்டு வேறுமாதிரி கட்டுகிற வேலைக்குப் பிள்ளையின் காதும் நாக்கும் வேண்டும்.

"வேலைக்காக வேறு நாட்டுக்குக் குடிவந்தோம். என் மகன் நாங்கள் பேசும் ஆங்கிலத்தை விட்டுவிட்டு விளையாட்டுத் தோழர்களைப் போலப் பேசுகிறான். திருத்தினால் சிரிக்கிறான். எங்கே தவறு செய்தோம்?" – ஆறு வயதுப் பையனின் அம்மா

ஒரு தவறும் இல்லை அம்மா, அவனுக்கு நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். சந்தோஷப்படுங்கள்.

உங்கள் வீட்டில் நடப்பதை ஓர் ஊர் முழுக்க அளந்து பார்த்திருக்கிறார்கள். லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் நடுவே மில்டன் கீன்ஸ் என்று ஒரு நகரம். 1967-இல் திட்டம் போட்டுக் கட்டப்பட்டது, அதனால் அங்கே வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் வெளியூர்க்காரர்கள். 1990-களின் தொடக்கத்தில் பால் கெர்ஸ்விலும் ஆன் வில்லியம்ஸும் அங்கே 48 பிள்ளைகளைப் பதிவு செய்தார்கள்: 4 வயது, 8 வயது, 12 வயது என்று மூன்று கட்டு, கூடவே அவர்களை வளர்ப்பவர்களில் ஒருவர். நாலு வயதுப் பிள்ளையின் பேச்சில் அம்மாவின் ஊர் கேட்டது. எட்டு வயதில் அது பெரிதும் கரைந்திருந்தது. பன்னிரண்டு வயதுக்காரர்களைக் கேட்டால் அப்பா அம்மா எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு ஒருவரைப் போல ஒருவர் பேசினார்கள். நகரத்துக்கு அப்போது கால் நூற்றாண்டுதான் வயது. அதற்குள் அதற்கென்று ஒரு பேச்சு, அதை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை.

ஆறு வயதில் உங்கள் மகன் சரியாக அந்தப் பாலத்தின் நடுவில் நிற்கிறான். கனடாவிலிருந்து தென் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த ஆறு பிள்ளைகளை ஜே. கே. சேம்பர்ஸ் தொடர்ந்து கவனித்தார். புது ஊரின் சொற்கள் எல்லோருக்கும் சீக்கிரம் வந்துவிட்டன, ஒலிகள்தான் தகராறு. சின்னப் பிள்ளைகளுக்கு அவையும் தானாக வந்தன. பதின்பருவத்தின் கடைசியில் இருந்தவர்களுக்கு முழுசாக வரவேயில்லை. ஆகவே பெரிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அண்ணன் ஒரு ஆங்கிலமும் தம்பி ஒரு ஆங்கிலமும் பேசுவது நடக்கக்கூடியதுதான், அதற்காக அண்ணனை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

"அமெரிக்கர்கள்தானே ஆங்கிலத்தை முதலில் கெடுத்தவர்கள்?" – பெயர் போட விரும்பாதவர்

பெயர் போடாததே நல்லது. அமெரிக்காவில் பல இடங்களில் ஆங்கிலேயர்களே தொலைத்துவிட்டதைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1607-இல் ஜேம்ஸ்டவுனில் குடியேறியபோதும் 1620-இல் பிளிமத்தில் குடியேறியபோதும் இங்கிலாந்திலேயே 'ர்' பரவலாகக் கேட்டது. அதை லண்டன் பக்கம் கைவிட்டது பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டில். கப்பல் போக்குவரத்து அதிகம் இருந்த பாஸ்டன் போன்ற துறைமுகங்கள் அந்தப் புதுப் பழக்கத்தை ஒட்டிக்கொண்டன, உள்நாட்டு அமெரிக்கா பழையபடியே பேசியது. இலையுதிர் காலத்துக்கு 'ஃபால்' என்பதும், 'கெட்' என்பதன் முற்று வடிவமாக 'காட்டன்' என்பதும் (துணி இல்லை, நம் எழுத்தில் அப்படி விழுகிறது) இங்கிலாந்திலிருந்து போன பழைய சரக்குகள்தான்.

அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் 1789-இல் ஓர் ஆரூடம் சொன்னார். ஜெர்மன் மொழியிலிருந்து டச்சும் டேனிஷும் ஸ்வீடிஷும் எவ்வளவு தள்ளிப் போயினவோ, அமெரிக்கப் பேச்சும் நாளைய இங்கிலாந்துப் பேச்சிலிருந்து அவ்வளவு தள்ளிப் போகும் என்றார். பலிக்கவில்லை. அவர் எதிர்பார்த்த அளவு பிரிவு ஏற்படவே இல்லை: கப்பல், புத்தகம், தந்தி, அப்புறம் சினிமா என்று போக்குவரத்து ஓயவில்லை. 'கலர்' என்ற சொல்லில் ஓர் எழுத்தைக் குறைத்து 1828-இல் தன் அகராதியில் போட்டு நிலைக்கவைத்தது மட்டும் அவருக்குப் பலித்தது. எழுத்தை ஒரு மனிதர் மேஜையில் உட்கார்ந்து மாற்றலாம். பேச்சில் அந்த ஜம்பம் பலிக்காது.

"ஒரு புது வழக்கு உண்டாக எத்தனை வருடம் ஆகும்? குறைந்தபட்சக் கணக்கு ஏதாவது உண்டா?" – பொறியியல் மாணவர்

குறைந்தபட்சக் கணக்குக்கு அண்டார்க்டிகா போக வேண்டும் தம்பி. ரொதேரா என்ற பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்தில் குளிர்காலம் வந்துவிட்டால் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருக்க வேண்டியதுதான். அப்படித் தங்கிய 11 பேரைப் புறப்படுவதற்கு முன்னும், அங்கே இருக்கும்போது பல முறையும் ஒரே சொற்பட்டியலைப் படிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். ஜோனதன் ஹாரிங்டனும் கூட்டாளிகளும் 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். சில உயிரொலிகள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. 'கோட்', 'ஃப்ளோ' போன்ற சொற்களில் வரும் ஓகாரம் வாயின் முன்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருந்தது, வந்தவர்கள் யாரும் ஊரிலிருந்து கொண்டுவராத நகர்வு அது. காதால் கேட்டால் தெரியாது, கருவி வைத்து அளந்தால் தெரியும். இதைப் 'புது வழக்கு' என்று தலைப்புப் போட்டுப் பத்திரிகைகள் கொண்டாடின. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. அங்கே பிள்ளைகள் இல்லை, வசந்தம் வந்ததும் எல்லோரும் மூட்டை கட்டிவிட்டார்கள். விதை விழுந்தது, அவ்வளவுதான்.

அந்த விதை முளைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, தென் அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் ட குன்ஹா என்ற தீவு இருக்கிறது. 1816-இல் பிரிட்டிஷ் படை ஒன்று அங்கே இறங்கியது. படை திரும்பிப் போனபோது ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளாஸ் குடும்பத்தோடு தங்கிவிட்டார். கப்பல் உடைந்து கரையேறிய மாலுமிகள், திமிங்கில வேட்டைக்கு வந்த அமெரிக்கர்கள், 1827-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து வந்த பெண்கள் என்று ஆள் சேர்ந்தது. இன்றைக்கும் 250 பேருக்கும் குறைவுதான். அவர்கள் ஆங்கிலத்தில் 'ஐலண்ட்' என்பதற்கு முன்னால் ஒரு 'ஹ' ஒட்டிக்கொண்டு 'ஹைலண்ட்' ஆகும். பழக்கமாகச் செய்ததைச் சொல்ல 'யூஸ்டு டு கோ' என்று நாம் பள்ளியில் படித்தோமே, அங்கே அது 'யூஸ்டு டு வென்ட்'. தவறு என்று சிவப்பு மையை எடுக்காதீர்கள், தீவு முழுக்க ஒரே மாதிரி சொல்கிறது, அங்கே அதுதான் இலக்கணம். 1961-இல் எரிமலை வெடித்து எல்லோரையும் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு வருடத்தில் வீடு திரும்பிவிட்டார்கள், பேச்சோடு.

ஆகவே கணக்கு என்று கேட்டால், அசைவதற்கு ஒரு குளிர்காலம் போதும், நிலைப்பதற்கு இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் வேண்டும்.

"டிவி, யூடியூப், வெப் சீரிஸ் எல்லாம் உலகம் முழுக்க ஒரே ஆங்கிலத்தைப் பரப்புகின்றன. இன்னும் ஐம்பது வருடத்தில் வட்டார வழக்கே இருக்காது என்கிறார் என் நண்பர். பந்தயம் கட்டியிருக்கிறோம்." – இரண்டு நண்பர்கள்

நண்பர் பணத்தை எடுத்து வைத்துக்கொள்ளட்டும், தோற்கப்போவது அவர்.

திரையிலிருந்து சொற்கள் தாராளமாக இறங்கி வரும். ஒலி அப்படிச் சுலபமாக இறங்காது, ஏனென்றால் திரையோடு நாம் திரும்பிப் பேசுவதில்லை. அமெரிக்காவின் பேரேரிகள் பக்கம், பஃபலோ, டெட்ராய்ட், சிகாகோ நகரங்களில், 20-ஆம் நூற்றாண்டு முழுக்க உயிரொலிகள் வரிசையாக ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இடம் மாறின. நாடு முழுக்க ஒரே செய்தி, ஒரே தொடர் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இது நடந்தது. அண்மைக்காலத்தில் அங்கே இளைஞர்கள் அதிலிருந்து பின்வாங்குகிறார்கள் என்பதும் உண்மை, ஆனால் அது தேய்ந்து மறைவதற்குள் வேறு இடத்தில் வேறொன்று கிளம்பிவிடுகிறது. திரைக்குச் செல்வாக்கே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். கிளாஸ்கோவில் ஜேன் ஸ்டுவர்ட்-ஸ்மித் செய்த ஆய்வில், லண்டனை வைத்து எடுக்கப்பட்ட ஒரு தொடரில் மனம் ஊறிப்போன பிள்ளைகளிடம் சில லண்டன் ஒலிகள் அதிகம் தென்பட்டன. பார்த்தால் மட்டும் போதாது, பாத்திரங்களோடு ஒட்டிப்போக வேண்டும். அப்போதும் லண்டன் நண்பர்கள் இருந்ததும் ஒரு காரணமாகச் சேர்ந்தது.

இந்த 'ஒட்டிப்போவது' தான் விஷயம். 1962-இல் வில்லியம் லபாவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் நியூயார்க்கில் ஒரு வேடிக்கை செய்தார். பணக்காரக் கடை, நடுத்தரக் கடை, மலிவுக் கடை என்று மூன்று கடைகளுக்குள் நுழைந்தார். நான்காவது மாடியில் இருக்கும் ஏதோ ஒரு பொருளின் பெயரைச் சொல்லி, எங்கே இருக்கிறது என்று விற்பனையாளரைக் கேட்பார். அவர் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்பார். இவர் காது கேட்காதவர் போலக் குனிந்து 'என்ன சொன்னீர்கள்?' என்பார். விற்பனையாளர் இந்த முறை நிறுத்தி, அழுத்தி, இன்னொரு தடவை சொல்வார். இவர் மறைவாகப் போய், முதல் முறை 'ர்' வந்ததா, இரண்டாவது முறை வந்ததா என்று துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார். இப்படி 264 பேர். பணக்காரக் கடையில்தான் 'ர்' அதிகம் கேட்டது, மலிவுக் கடையில் மிகக் குறைவு. கவனித்துச் சொன்ன இரண்டாவது முறையில் பலருக்கு 'ர்' கூடியது. இங்கிலாந்தில் 'ர்' சொன்னால் நாட்டுப்புறம் என்று நினைப்பார்கள், நியூயார்க்கில் 'ர்' சொன்னால் பெரிய மனுஷத்தனம். அந்த எழுத்தில் ஒன்றுமில்லை, அதை யார் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம்.

அதற்குச் சற்று முன்பு அவரே அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவில் இன்னொன்றைக் கவனித்திருந்தார். ஊர்க்காரர்கள் 6,000-க்கும் குறைவு, கோடையில் வந்திறங்கும் பணக்கார விருந்தாளிகள் 40,000-க்கும் மேல். 'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களின் உயிரொலியை, வாயை முழுக்கத் திறக்காமல் நாக்கின் நடுவிலிருந்து கிளப்புவது அந்தத் தீவின் பழைய பழக்கம், தேய்ந்துகொண்டிருந்தது. அது திரும்பவும் ஏறுமுகமாவதைக் கண்டார். யாரிடம் என்று பார்த்தால், மீனவர்களிடம், அதிலும் தீவை விட்டுப் போக மாட்டேன் என்று சொன்ன நடுவயதுக்காரர்களிடம் அதிகம். வெளியூர் போய்ப் பிழைக்கலாம் என்று நினைத்தவர்களிடம் குறைவு. 'நான் இந்த ஊர்க்காரன், நீ கோடைக்கு வந்தவன்' என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் ஓர் உயிரொலியால் சொல்லியிருக்கிறார்கள். இதை எந்த யூடியூபும் அழிக்க முடியாது. ஆள் கூடக்கூட வேலி போடத்தான் தோன்றும்.

"வேற்றுமொழிக்காரர்கள் பேசுவதால் வருவதும் வட்டார வழக்கா? அது அரைகுறை ஆங்கிலம் இல்லையா?" – கல்லூரி மாணவி

முதல் தலைமுறையில் அரைகுறையாக இருக்கலாம். பிள்ளைகள் அதைக் கையிலெடுத்துவிட்டால் அந்தப் பேச்சு முழுசாகிவிடுகிறது. அயர்லாந்தில் 'அயாம் ஆஃப்டர் ஈட்டிங்' என்றால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்று பொருள். ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு அப்படியே ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டது. இன்றைக்கு அதைச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி ஐரிஷ் இல்லை, ஆங்கிலம்தான். மயாமியில் காரிலிருந்து இறங்குவதற்கு 'கெட் டவுன் ஃப்ரம் த கார்' என்கிறார்கள், ஸ்பானிஷ் மொழியின் நிழல். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வாயிலும் அது வருகிறது. (நமக்கு அதில் என்ன தவறு என்றே தெரியாது, நாமும் 'இறங்கு'கிறவர்கள்தானே.) சிங்கப்பூரில் 'ஈட் ஆல்ரெடி' என்றால் சாப்பிட்டாயிற்று. 'கேன்' என்ற ஒற்றைச் சொல்லே கேள்வி, பதில், ஒப்புதல் மூன்றுக்கும் போதும்.

லண்டனின் ஹாக்னி பக்கம் நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். ஜமைக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, வங்காளம், துருக்கி என்று பல நாட்டு வீடுகள். பெரியவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி, ஆகவே பிள்ளைகளுக்கு 'இதுதான் மாதிரி' என்று ஒரே பேச்சு இல்லை. நியூசிலாந்துப் பள்ளிக்கூடம் திரும்பவும் வந்துவிட்டது, இந்த முறை பேரரசின் தலைநகரத்துக்குள்ளேயே. அங்கே பிள்ளைகள் 'ஆன் ஆப்பிள்' என்பதை 'அ ஆப்பிள்' ஆக்கிவிட்டார்கள், 'மேன்' என்ற சொல்லை 'நான்' என்ற பொருளிலும் வைக்கிறார்கள். பரம்பரை லண்டன்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் பேசுகிறார்கள். தோல் நிறத்தையோ பாட்டனாரின் ஊரையோ கேட்டு வருவதில்லை அது, யாரோடு விளையாடினாய் என்று கேட்டு வருகிறது.

"எந்த இடத்தில் வட்டார வழக்கு தனி மொழியாகிறது?" – ஒரு வரிக் கடிதம்

கோடு கிழிக்க முடியாது. ஆனால் கோட்டைத் தாண்டியவரைக் காட்ட முடியும். பாப்புவா நியூ கினியில் டோக் பிசின் என்று ஒரு மொழி, சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து போனவை. தோட்டங்களில் வேலைக்குப் போன பல மொழிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசப் பயன்படுத்திய கலவை, பிறகு பிள்ளைகளின் தாய்மொழியாகவும் ஆகிவிட்டது. அதில் 'யூ', 'மீ' இரண்டும் சேர்ந்து 'யூமி' என்று ஒரு சொல்: எதிரில் இருப்பவரையும் சேர்த்து நாம். 'மிபெலா' என்றால் உன்னை விட்டுவிட்டு நாங்கள். 'வீ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இங்கிலாந்து இத்தனை நூற்றாண்டாகத் திண்டாடுகிறது, அந்தத் தீவுக்காரர்களின் சொந்த மொழிகளில் இந்தப் பாகுபாடு இருந்ததால் ஆங்கிலச் செங்கல்லை வைத்தே அதைக் கட்டிவிட்டார்கள். தமிழ்க்காரர்களுக்கு இது எவ்வளவு வசதி என்று தெரியும். லண்டன்காரர் டோக் பிசினைக் கேட்டால் சொல் சொல்லாகப் பிடிபடுவது போல இருக்கும், வாக்கியம் பிடிபடாது. அங்கே அது தனி மொழி.

"வீட்டில் பேசாமல் பள்ளியில் மட்டும் படிக்கும் நாடுகளில் சொந்த வழக்கு வருமா?" – ஆசிரியப் பயிற்சி மாணவர்

வரும், வந்துகொண்டிருக்கிறது. இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் எல்லாம் அந்தப் பாதையில் வெவ்வேறு மைல்கல்லில் நிற்கின்றன. முன்கூட்டி நடத்துவதற்கு இந்திய ஆங்கிலத்தில் 'ப்ரிபோன்' என்று ஒரு சொல் புழங்குகிறதே, 'போஸ்ட்போன்' இருக்கும்போது அது ஏன் இருக்கக்கூடாது என்பது நியாயமான தர்க்கம்தான். எட்கர் ஷ்னைடர் என்பவர் இதற்கு ஐந்து கட்டம் வகுத்திருக்கிறார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது நாலாவது: சரியா தவறா என்று கேட்க லண்டனைத் திரும்பிப் பார்ப்பதை ஒரு நாடு நிறுத்துகிற கட்டம். ஆஸ்திரேலியாவில் கைதிக் கப்பல்கள் 1788-இல் வந்தன, சொந்த ஆங்கிலத்துக்கென்று பெரிய அகராதியான மக்வாரி 1981-இல் வந்தது. நடுவில் இருநூறு வருடம் போலத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிங்கப்பூர் அரசு 2000-இல் 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' என்று இயக்கம் தொடங்கியது, இன்னும் திரும்பிப் பார்க்கிறது என்று அர்த்தம். பிள்ளைகள் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"எந்த ஆக்சென்ட் கற்றுக்கொள்வது நல்லது?" – வேலை தேடுபவர்

எதிரில் இருப்பவருக்குப் புரிகிற எதுவும். பணம் கட்டிக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

"ஆங்கிலத்தில் வட்டார வழக்குகள் சாகவும் செய்யுமா?" – நூலகர்

செய்யும், இரண்டு விதமாக. வட கரோலினாவில் ஓக்ரகோக் தீவில் சுற்றுலாக் கூட்டம் பெருகி, பழைய பேச்சு ஒவ்வொரு தலைமுறையிலும் நீர்த்துப்போகிறது. வால்ட் வுல்ஃப்ரமும் மாணவர்களும் அதைப் பல வருடம் பதிவு செய்தார்கள். செசபீக் விரிகுடாவில் ஸ்மித் தீவில் கதை தலைகீழ். கரையைத் தண்ணீர் அரிக்கிறது, நண்டுத் தொழில் படுத்துவிட்டது, ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் மிச்சமிருக்கும் இளையவர்கள் பேச்சில் தீவின் அடையாளங்கள் பாட்டன்மாரைவிட அதிகம். எல்லா இடத்திலும் 'வாஸன்ட்'டை விரட்டிவிட்டு 'ஐ வேர்ன்ட்' என்பது போல. பால் வற்ற வற்றக் கெட்டியாவது மாதிரி. அடுப்பை யாரும் அணைக்கவில்லை என்பதுதான் கவலை.

"இங்கிலாந்தில் எப்போதாவது எல்லோரும் ஒரே ஆங்கிலம் பேசினார்களா?" – பள்ளி மாணவி

நல்ல கேள்வி, மற்றவர்கள் எல்லோரும் கேட்க மறந்தது. இல்லை கண்ணு. ஐந்தாம் நூற்றாண்டில் கடல் தாண்டி வந்தபோதே ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் என்று பல கூட்டமாகத்தான் வந்தார்கள். இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன், 1490-இல் தான் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு கதை சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் காற்றில்லாமல் கப்பல் நின்றுவிட, வியாபாரிகள் சிலர் கரையிறங்கிச் சாப்பாடு கேட்டார்கள். ஒருவர் வீட்டுக்காரப் பெண்ணிடம் 'எக்ஸ்' வேண்டும் என்றார், முட்டை. அந்த அம்மா, 'எனக்கு பிரெஞ்சு தெரியாது' என்று சொல்லிவிட்டார். வியாபாரிக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கடைசியில் இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்றதும், 'அப்படிச் சொல்லுங்கள், புரிகிறது' என்றாராம் அந்த அம்மா. 'எக்ஸ்' வடக்கே வைகிங்குகள் வழியாக வந்த சொல், 'ஐரன்' தெற்கின் பழைய சொல். கதையைச் சொல்லிவிட்டு, இந்தக் காலத்தில் ஒருவன் எதைத்தான் எழுதுவது, எக்ஸா ஐரனா என்று காக்ஸ்டன் தலையில் கையை வைத்துக்கொள்கிறார்.